ஒரு நிமிடம்கூடப் பொறுக்காத ஊசி

பல் கிளினிக்கில் நிஃப்லாவுக்குப் பதினொரு வருடச் சேவை. பதவி, உதவியாளர். வெளிச்சம் பிடிப்பாள், கருவிகளை அவித்து எடுப்பாள், பயந்து துள்ளுகிறவர்களை அமுக்கிப் பிடிப்பாள். கடைசி வேலையை எந்த நியமனக் கடிதத்திலும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பல்லைப் பிடுங்குமுன் போடுகிற விறைப்பு ஊசி வலிப்பதே பெரும்பாலும் அவசரத்தால்தான் என்று முதல் வருடமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. குளிர்ந்த மருந்தை அப்படியே ஒரே அமுக்காக அமுக்கினால் எந்த ஈறு தாங்கும்? மருந்தை முன்கூட்டியே வெளியில் எடுத்து வைத்து, ஈறில் விறைக்கிற ஜெல் பூசிப் பொறுத்திருந்து, மெதுவாக ஏற்றினால் பாதி வலி போய்விடும். முன்பிருந்த டாக்டர் அப்படித்தான் செய்தார். இப்போதுள்ள றிஸ்மின் டாக்டருக்கு வெளியே நாற்பது பேர் காத்திருப்பது மட்டும்தான் தெரியும். "கடல்ல பாடுபடுற ஆக்கள். இதெல்லாம் தாங்குவாங்க" என்பார். தாங்குகிறவன் என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? நல்ல நியாயம்!

நோன்பு மாதக் கடைசியில் எத்தாளையிலிருந்து ஃபைஸல் வந்தான். படகுக்காரன். கன்னம் வீங்கிக் கழுத்துவரை இறங்கியிருந்தது. முன்பு இரண்டு தடவை ஊசி பட்டதுமே டாக்டரின் கையைத் தட்டிவிட்டு ஓடியவன். இம்முறையும் ஓடினால் வீக்கம் மூச்சை அடைத்துவிடும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். நிஃப்லா ஜெல் பூசப் போனாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"ஜெல்லுட இனிப்புத் தொண்டைக்குள்ள போனா நோன்பு முறிஞ்சிரும், மிஸி."

"வருத்தக்காரருக்கு நோன்ப விட இடமிரிக்கி, நானா."

"இத்தன நோன்பும் புடிச்சிட்டன். விடமாட்டன்."

"அப்ப நோகத்தான் செய்யும்" என்று டாக்டர் சிரிஞ்சைத் தூக்கினார்.

நிஃப்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவர் மணிக்கூட்டைக் கழற்றி அவர் முன்னால் தட்டில் வைத்தாள்.

"ஒரு நிமிஷம் முழுசா எடுத்து ஏத்துங்க, டாக்டர். இல்லாட்டி இந்த ஆள நான் புடிக்கமாட்டன். மேல அறிவிச்சு என்ன மாத்துறெண்டா மாத்துங்க."

டாக்டரின் முகம் கறுத்தது. ஆனாலும் கை நிதானப்பட்டது. நிஃப்லா ஃபைஸலின் கன்னத்தை இழுத்துப் பிடித்து, குத்துவது தெரியாதபடி மெல்ல ஆட்டிக்கொண்டே நின்றாள். ஊசி வெளியே வந்த பிறகும் அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"குத்துங்க டாக்டர். என்னத்துக்குச் சுணக்கம்?"

"குத்தி முடிஞ்சிட்டு, நானா" என்றாள் நிஃப்லா.

அவன் எழுந்து உட்கார்ந்தான். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், அவன் முகத்தில் கொதிப்புத்தான் இருந்தது.

"போன வருஷம் என்ட மகள் ஷிம்லாவ நாலு பேர் அமுக்கிப் புடிச்சுத்தானே குத்தினீங்க? எட்டு வயசுப் புள்ள. அதுக்குப் பொறகு ஆருக்கும் வாயத் திறக்குதில்ல, ரெண்டு பல்லு அழுகிப் போய்க் கெடக்கு. இப்பிடியும் குத்த ஏலுமெண்டா, அண்டைக்கு ஏன் அப்பிடிச் செஞ்சீங்க?"

ஈறு விறைத்ததும் டாக்டர் அவனைச் சாய்த்துக் குறட்டால் பல்லை இழுத்தார். பல் வந்துவிட்டது. நிஃப்லா பஞ்சை வைத்து, கடித்துக்கொள்ளச் சொன்னாள். டாக்டர் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் இப்போது அவள் மேலேயே திரும்பியிருந்தது. அந்த நாலு பேரில் பிள்ளையின் கால்களைப் பிடித்தவள் அவள்தான்.