பக்கத்து வீட்டு மீன்சாறு

முதலில் நாக்குதான் எரிந்தது. காரமில்லாத சாதம்கூடப் புண்ணில் பட்டதுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். நாக்கு சிவந்து, சொரசொரப்பே இல்லாமல் வழவழவென்று கிடந்தது. மழைக்காலத்தில் தொடங்கிய வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை. கல்கத்தாத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டாலிகஞ்சில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. ஒரு நாள் பாதிப் படியில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை.

என்னைத் தூக்கி நிறுத்தியவர் பக்கத்து வீட்டு ஷேஃபாலிதி. என்னைவிட மூத்தவர்; வங்காளியில் 'தி' என்றால் அக்கா. அவர் கணவர் பிஜன் பாபு சினிமா ஸ்டுடியோவில் விளக்குகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். தனக்கும் இதே கோளாறுதான் என்று சொல்லி, தான் வைத்தியத்துக்குப் போகும் ஆஸ்பத்திரிக்கே ஷேஃபாலிதி என்னையும் அழைத்துப் போனார்.

டாக்டர் இருவருக்கும் ஒரே பெயரைச் சொன்னார்: ஸ்ப்ரூ (சிறுகுடல் சாப்பாட்டிலிருந்து சத்தை உறிஞ்ச முடியாமல் போகும் நோய்). அதனால் வந்த ரத்தசோகை. இருவருக்கும் ஒரே மருந்து: டெட்ராசைக்ளின் (கிருமியை அடக்கும் மருந்து), ஃபோலிக் அமிலம் (புது ரத்தம் ஊறத் தேவையான சத்து), பி12 ஊசி. பால், தயிர், நெய் மூன்றையும் நிறுத்தச் சொன்னார். மீனும் முட்டையும் நிறையச் சாப்பிடச் சொன்னார்.

நாங்கள் திருநெல்வேலிச் சைவர்கள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பாலும் இல்லை, மீனும் இல்லை என்றால் பருப்புதான். தேறுவீர்கள். ஆனால் மெதுவாக."

இந்தச் சாப்பாட்டுக்கு இப்போது 'வீகன்' என்று ஒரு பெயர் இருக்கிறதாம். அப்போது எங்களுக்கு அது பால்கூட இல்லாத சாப்பாடு, அவ்வளவுதான். என் கணவர் கார்டன் ரீச்சில் ரயில்வே குமாஸ்தா. ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சுவதில் பழமும் முந்திரியும் வாங்க வழியில்லை. கடையில் மலிவானது மைசூர்ப் பருப்பு. அதை அரிசியோடு குழைய வேகவைத்து, வெங்காயம் சேர்த்துக் கஞ்சியாகக் குடித்தேன். வாழைக்காய், பப்பாளிக்காய், பூசணி. சாயங்காலம் பொரி. பீகார்க்காரர் விற்கும் வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து உப்புப் போட்டுக் குடிப்பேன். முதல் சில வாரங்கள் அதுவும் தங்கவில்லை.

இதே நோயில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பி12 பருப்பிலும் காய்கறியிலும் கிடைக்காது. பால், மீன் இரண்டும் இல்லாதவர்கள் அந்த ஊசியை நிறுத்தவே கூடாது. இடையில் நான் விட்டுவிட்டேன். விரல்கள் மரத்துப்போய், பூத்தொடுக்கும் நாரைப் பிடிக்க முடியாமல் போனது.

பிஜன் பாபு தினமும் கடைத்தெருவிலிருந்து ஷிங்கி மீனை உயிரோடு வாங்கி வருவார். நோயாளிகளுக்கென்றே வங்காளிகள் சமைக்கும் மீன் அது. அவர்கள் வீட்டுச் சட்டியில் அது துள்ளும் சத்தம் எங்கள் சமையலறைக்குக் கேட்கும். பிறகு சீரகமும் இஞ்சியும் சேர்ந்து கொதிக்கும் வாசனை. பிறந்ததிலிருந்து மீன் வாசனை வந்தால் மூக்கைப் பொத்துகிறவள் நான். இப்போது அந்த வாசனைக்காக ஜன்னலைத் திறந்து வைத்தேன். வாயில் எச்சில் ஊறவில்லை. நெஞ்சுதான் எரிந்தது.

ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும்போது முதலில் ஷேஃபாலிதி ஏறுவார். ஒவ்வொரு முறையும் முள் கொஞ்சம் கூடுதலாக நகரும். எனக்கு நின்ற இடத்திலேயே நிற்கும். அவர் கன்னத்தில் ரத்தம் ஊறுவதை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வருவேன். ஒரே நோய், ஒரே டாக்டர், ஒரே மாத்திரை. அவர் என் கையைப் பிடித்துப் படியேற்றும்போது அந்தக் கையின் சூடுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

"முட்டை மட்டுமாவது சாப்பிட்டுப் பாரேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் என் கணவர். ஒரு நாள் முயன்றேன். தொண்டைக்குள் போகவில்லை. அதற்கும் ஷேஃபாலிதி மேல்தான் ஆத்திரம் வந்தது.

குளிர்காலத்தில் பிஜன் பாபு ஸ்டுடியோவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். வீட்டுக்கு அவர் உடல்தான் வந்தது.

காரியங்கள் முடிந்தபின் ஷேஃபாலிதியின் மாமியார் அடுக்களையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அவரும் சிறு வயதிலேயே கணவனை இழந்தவர். கைம்பெண்ணுக்கு மீன் கூடாது, வெங்காயம் கூடாது. மைசூர்ப் பருப்பும் கூடாது. அவர்கள் வழக்கத்தில் அதுவும் மீனைப் போல அசைவக் கணக்கு. ஒரு வேளை பச்சரிசிச் சோறும் நெய்யும், இரவில் பாலும் கொடுத்தார்கள். பாசிப்பருப்புக்குத் தடையில்லை, ஆனால் சம்பளம் நின்றுபோன வீட்டில் இருந்த காசெல்லாம் பாலுக்கும் நெய்க்குமே போனது. நெய்யும் பாலும் அவர் குடலில் தங்கவில்லை. வயிற்றுப்போக்கு திரும்பியது.

அடுத்த முறை எடை மேடையில் முள் அவருக்குக் கீழே போனது. எனக்கு முதல் தடவையாக ஏறியது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஷேஃபாலிதி தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். டாக்டர் என்னைக் காட்டி, இவர் சாப்பிடுவதையே நீங்களும் சாப்பிடுங்கள் என்றார்.

மறுநாள் பகலில் அவரை எங்கள் சமையலறைக்குக் கூட்டி வந்து கஞ்சியை வைத்தேன். கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் போனதிலிருந்து, நீ இதைக் குடிப்பதை என் ஜன்னலிலிருந்து தினமும் பார்ப்பேன். பொறாமையாக இருக்கும், ராஜி."

"எனக்கு உங்கள் மீன்சாற்றின் மேல் இருந்தது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து குடிக்கத் தொடங்கினார்.

சில நாட்கள் அப்படிப் போயின. ஒரு பகலில் கதவு திறந்தே இருந்தது. வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். வெங்காய வாசனை படிவரை போயிருக்க வேண்டும். ஷேஃபாலிதியின் கை கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. கத்தப் போகிறார் என்று நான் எழுந்தேன். அவர் மருமகளைப் பார்க்கவில்லை. அந்தக் கிண்ணத்தைத்தான் பார்த்தார்.

"எனக்கு இப்படி யாரும் வைத்துக் கொடுக்கவில்லை" என்றார்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். பல மாதங்களாக என் நெஞ்சுக்குள் பேசிக்கொண்டிருந்த குரல் அது. உள்ளே வரச் சொல்லி இன்னொரு கிண்ணத்தை எடுத்தேன். தலையை அசைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அதன் பிறகு பகலில் அவர் மருமகளைத் தேடவில்லை.

ஷேஃபாலிதிக்குத் தேற வெகுநாள் ஆனது. எனக்கும்தான். இருவரில் யார் முந்துகிறோம் என்று பார்ப்பது மட்டும் எப்போதோ நின்றுபோயிருந்தது.

பால் எனக்கு அதன் பிறகு ஒத்துக்கொள்ளவே இல்லை. இப்போதும் யாராவது எதிரில் சாப்பிட்டால் என் கண் முதலில் அவர்கள் தட்டுக்குத்தான் போகிறது. ஆனால் நான் சாப்பிட்டதும் உடனே எழுவதில்லை. உள்ளே போனது எரியாமல், புரளாமல் மெல்ல இறங்கும் அந்தச் சற்று நேரத்தைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நோய்க்கு முன்னால் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் அப்படி ஒரு நேரம் இருந்திருக்கும். அது வந்ததும் போனதும் அப்போது எனக்குத் தெரிந்ததில்லை.