பட்டுச் சேலையில் அம்மா கேட்ட ராக் கச்சேரி

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது, பெங்களூரிலிருந்து ஒரு ராக் இசைக்குழு மதுரைக்கு வருகிறது என்று சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊருக்கு மேற்கே ஒரு மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு.

முதலில் துள்ளியவள் என் பழங்காநத்தத்துத் தோழி. அவளுடைய அண்ணன் எங்கிருந்தோ வாங்கிவரும் இங்கிலீஷ் கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு, வார்த்தை புரியாமலே முழுப்பாட்டும் பாடுவாள். இன்னொருத்தி கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம், ஹாஸ்டலில் இருந்தாள். அவளுக்கு கிட்டாருக்கும் வீணைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும், “கூட்டமாப் போறோம்ல, அது போதும்” என்று முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள்.

என் வீட்டில்தான் சிக்கல். அப்பா முடியாது என்று சொல்லவில்லை. அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக, அம்மா கூட வந்தால் போகலாம் என்றார். அம்மா சினிமாவுக்குப் போனாலே இடைவேளையில் வீட்டு ஞாபகம் வந்து எழுந்துவிடுகிறவள். அந்த தைரியத்தில்தான் சொன்னார். அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: “எத்தனை மணிக்குக் கிளம்பணும்?”

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா அறையிலிருந்து வெளியே வந்தபோது எனக்குத் திக்கென்றது. கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் மாம்பழக் கலர் பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை, கையில் ஒயர்க்கூடை, அதற்குள் எலுமிச்சம்பழச் சாதமும் தண்ணீரும். ராக் கச்சேரிக்கு யாரும் பட்டுக் கட்ட மாட்டார்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். கச்சேரி என்றால் பட்டுதான் என்று முடித்துவிட்டாள். காளவாசலில் பஸ் ஏறும்போது நான் நாலடி தள்ளியே நின்றேன். தோழிகள் இரண்டு பேரும் அம்மாவின் இரண்டு பக்கமும் நின்று கூடையை ஆளுக்கொரு கைபிடித்துக்கொண்டார்கள்.

மைதானம் முழுக்கப் பையன்கள். காது மறைத்த முடி, தரையைக் கூட்டும் பெல்பாட்டம். பெண்கள் என்று பார்த்தால் ஐம்பது பேர் இருந்திருப்போம். எங்கே உட்காருவது என்று முழித்தபோது, சட்டையில் பேட்ஜ் குத்திய ஒருவர் ஓடிவந்தார். அம்மாவின் பட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மிகவும் மரியாதையாகக் கும்பிட்டு, “வாங்கம்மா, இங்கிட்டு வாங்க” என்று மேடைக்கு நேர் எதிரே முதல் வரிசை நாற்காலிகளில் உட்காரவைத்துவிட்டுப் போனார். சிறப்பு விருந்தினர் வீட்டு ஆட்கள் என்று நினைத்திருக்கிறார். அது எங்களுக்குப் புரிந்தபோது பழங்காநத்தத்துக்காரி சிரிப்பை அடக்கத் தாவணியை வாயில் வைத்துக்கொண்டாள்.

அம்மா மட்டும் நிதானமாக இருந்தாள். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தோம், நாமாகவா கேட்டோம் என்றாள். கொஞ்ச நேரத்தில் உண்மையான விருந்தினரின் மனைவி வந்து சேர்ந்தார். பேட்ஜ்காரர் முகம் வெளுத்துப் போனது. நாங்கள் எழுந்தோம். அந்த அம்மாளோ வேண்டாம், இருங்கள் என்று கையமர்த்தி, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவரும் பட்டுதான் கட்டியிருந்தார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

முதல் பாட்டின் முதல் அடியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு சத்தத்தை நாங்கள் யாரும் அதற்குமுன் கேட்டதில்லை. காதில் மட்டும் கேட்கவில்லை, நாற்காலி வழியாகவும் ஏறியது. அம்மா என் காதருகே குனிந்து கத்தினாள்: “நெஞ்சுக்குள்ள யாரோ மாவு இடிக்கிற மாதிரி இருக்குடி.” எழுந்து போய்விடலாமா என்று கேட்டேன். அவள் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். மூன்றாவது பாட்டில் அவள் விரல்கள் என் புறங்கையில் தாளம் போட்டன.

நாலாவது பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது. கிட்டார்கள் சட்டென்று ஊமையாயின. பாடுகிறவர் வாயசைத்துக்கொண்டிருந்தார், குரல் எங்கள் வரிசைக்குக்கூட வரவில்லை. டிரம்ஸ் அடிக்கிறவர் மட்டும் விடாமல் அடித்தார். பின்னால் கூச்சல் கிளம்பியது. சிலர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். இருக்கிற ஒரே கச்சேரியும் போச்சே என்று பழங்காநத்தத்துக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் கொட்டாம்பட்டிக்காரி எழுந்தாள். அவளால் இரண்டு விரலை நாக்கடியில் மடித்து விசிலடிக்க முடியும் என்பது ஹாஸ்டலுக்கே தெரியும். சோளக் கொல்லையில் கிளி விரட்டிப் பழகியது. ஆனால் அம்புட்டு ஆம்பளைக் கூட்டத்தில், அதுவும் ஒரு பெண். விரலை வாயருகே கொண்டுபோனவள் தயங்கி அம்மாவைப் பார்த்தாள்.

“நீ அடி தாயி. நான் இருக்கேன்ல” என்றாள் அம்மா.

அந்த விசில் மைதானத்தின் கடைசிவரை போனது. நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று திரும்பினார்கள். மேடையில் டிரம்ஸ்காரர் குச்சியை நிறுத்தி, யார் என்று தேடி, அவளைக் கண்டுபிடித்து, இன்னொரு தடவை என்று குச்சியாலேயே சைகை காட்டினார். அவள் நீளமாக ஒன்று அடித்தாள். அவர் அதே நீளத்துக்கு உருட்டினார். இவள் விட்டு விட்டு மூன்று அடித்தாள். அவரும் மூன்று போட்டு, மேலே ஒன்று சேர்த்தார். கூட்டம் கைதட்டித் தாளம் பிடித்தது. போனவர்களெல்லாம் ஓடிவந்தார்கள். பாடகர் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, எங்களுக்கு நேராகக் கை தட்டினார். அவளுக்கு மூச்சு வாங்கியபோதெல்லாம் அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

கால் மணி நேரம் அப்படிப் போயிருக்கும். திடீரென்று கரண்ட் வந்து கிட்டாரும் சேர்ந்து வெடித்தபோது மைதானமே எழுந்து நின்றது. நாங்கள் ஆடினோம். ஆட்டம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தந்ததில்லை, குதித்தோம், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மல்லிகை ஒரு பக்கம் சரிய, விருந்தினர் மனைவியோடு சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அது அத்தனை சின்ன வயது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

வெளிச்சம் மங்குமுன் முடிந்துவிட்டது. பஸ்ஸில் நாலு பேருக்கும் காது அடைத்திருந்தது. அம்மாவுக்கு அது தெரியவில்லை. அந்த டிரம்ஸ்காரப் பையன் ரொம்ப இளைத்திருக்கிறான், எலுமிச்சம்பழச் சாதத்தில் கொஞ்சம் அவனுக்குக் கொடுத்திருக்கலாம் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நான் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, அவளைவிடச் சத்தமாக ஆமாம் என்றேன்.