தானே இருளும் கண்ணாடி

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் இருபது வருடமாக வெல்டர் நான். ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கையில் இரும்பு ஆங்கிளைப் பிடித்து, மறு கையால் அதை ஒட்டி நிறுத்தும் முதல் வெல்டிங் பொட்டு வைக்கும்போது முகமூடி பிடிக்கக் கை இருக்காது. கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் வைப்பேன்; அப்படியும் இரவெல்லாம் கண் எரியும்.

புதிதாகச் சேர்ந்த வெல்டர் மரகதம், தலையில் மாட்டும் முகமூடியோடு வந்தாள். அதன் கண்ணாடிக்குள் திரவப் படிகமாம். பொறி கிளம்பினால் தானே இருண்டு, அணைந்தால் தெளிந்துவிடுமாம்.

"ஏஞ்சாமி, பைக் ரேஸுக்குப் போறியா?" என்று சிரித்தேன்.

அன்று மதியமே நான் கண்மூடி வைத்த பொட்டு விட்டுப்போய், ஆங்கிள் அவள் காலருகே விழுந்தது. அவள் திட்டவில்லை. முகமூடியைக் கழற்றி எனக்கு மாட்டினாள்.

"இப்ப வைங்கண்ணா. கண்ண மட்டும் மூடீராதீங்க."

முதல் முறை பழக்கத்தில் மூடிவிட்டேன். இரண்டாம் முறை மூடவில்லை. பொறி கிளம்பியதுமே கண்ணாடி இருண்டது. முதல் பொட்டில் இரும்பு உருகி இரும்போடு சேர்வதை, பச்சை வெளிச்சத்தில், இருபது வருடத்தில் அன்றுதான் பார்த்தேன். கையை எடுத்ததும் தெளிந்தது. பொட்டு சரியான இடத்தில் இருந்தது.

கழற்றிக் கொடுத்தபோது, "என்னங்கண்ணா, கண்ணு கலங்குது?" என்றாள்.

"எப்பவும் இருக்கற எரிச்சல்தாம்மா" என்றேன்.

பொய். அப்போது கண் எரியவே இல்லை.