இடப்பக்கம் திரும்பாத கார்

என் கணவருடைய மேலாளர் ஒரு பறங்கியர், ஒல்லாந்தர் வழிவந்தவர். நாட்டு நிலைமையைப் பார்த்து அவுஸ்திரேலியாவுக்குப் போய்விடுவது என்று அவர் முடிவெடுத்தபோது, அலுவலகத்தில் தனக்குப் பிடித்தவர்களுக்கு ஆளுக்கொரு பொருள் கொடுத்தார். ஒருவருக்குச் சுவர்க்கடிகாரம் கிடைத்தது. இன்னொருவருக்கு மீன்தொட்டி. என் கணவருக்குக் கார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத, இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். மீன்தொட்டி கிடைத்தவரின் மனைவி எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பாள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

நாங்கள் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். காரை நிறுத்த இடமில்லாததால் அது கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜின் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் கிடந்தது. டயர்கள் நான்கும் பாளம் பாளமாக வெடித்துவிட்டன. ஒரு பூனை வருடம் தவறாமல் அதற்குள் குட்டி போட்டது. அந்தக் காரால் பயனடைந்த ஒரே சீவன் அதுதான்.

அது யுத்த காலம். கொழும்பில் தமிழர் பஸ்ஸில் போய்வரவே பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, அலுவலகக் கடிதம் எல்லாம் வேண்டும். அந்த நேரத்தில் கூரையில்லாத காரில் தலையைக் காட்டிக்கொண்டு போக நினைப்பவருக்கு மூளைக்கும் கூரை இல்லை என்பது என் கட்சி. ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் உண்டு.

அதற்கு முந்திய வருடம், ஒரு காலை நேரம், பேக்கரியில் பாண் வாங்கிவரக் கீழே இறங்கிய என் கணவரைச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். முக்கால் காற்சட்டையும் பெனியனுமாகப் போனவர். அடையாள அட்டை மேசையில் கிடந்தது. சில நாட்கள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். "அடிக்கேல்லை" என்றார். நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை. வந்தவர் பழைய ஆள் இல்லை. அலுவலகம் விட்டால் வீடு, வீடு விட்டால் அலுவலகம். தெருவில் நடக்கும்போது அட்டையைச் சட்டைப் பையில்கூட வைக்கமாட்டார், கையில் பிடித்துக்கொண்டே நடப்பார். படுக்கும்போது தலையணைக்குக் கீழே. அழைப்பு மணி அடித்தால் முதலில் அட்டை, பிறகுதான் கதவு. சிங்களம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசியவர், சீருடையைக் கண்டால் எதற்கும் ஆமாம் போடுகிற "ஓவ் சேர்" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை. பாண் வாங்குவது என் வேலையாயிற்று. எனக்கு என் மனிதர் திரும்ப வேண்டும். காரோ மாட்டு வண்டிலோ, எதில் ஏறி வந்தாலும் பரவாயில்லை.

எங்கள் வீட்டுக்காரர், கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு காரை நிறுத்திக்கொள்ளலாம் என்று சொன்னதும் இவருடைய கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. எஞ்சின் ஓடும், டயர்தான் போட வேண்டும் என்றார். அன்று தொடங்கியது சனி.

யாழ்ப்பாணத்து ஆண்களுக்கு ஒரு குணம். எந்தக் காரியத்தையும் தனியாகச் செய்து தோற்கமாட்டார்கள். நாலு பேரைக் கூட்டிவைத்து, ஆராய்ந்து, ஏகமனதாகத் தோற்பார்கள். ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வீட்டு முன்னறையில் டயர்க் குழு கூடியது. ஒருவர் வங்கிக்காரர். வாழ்நாளில் பஸ்ஸைத் தவிர வேறு வாகனம் அறியாதவர். இன்னொருவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர். டயரைப் பற்றிப் பேசும்போதும் மதகைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுவார். மூன்றாமவர் பௌதிகவியல் ரியூசன் மாஸ்டர். அவருக்கு எதையும் கரும்பலகை இல்லாமல் விளக்க வராது. எங்கள் கலண்டரின் பின்பக்கம் அவரிடம் பட்ட பாட்டை நான்தான் அறிவேன்.

அந்தக் காரின் அசல் சில்லு உயரமானது, ஒடுக்கமானது. குறுக்களவு பதினைந்து அங்குலம், டயரின் அகலம் நூற்று அறுபத்தைந்து மில்லிமீற்றர். அந்த அளவு டயர் அப்போது கொழும்பில் இலகுவில் கிடைக்காது. கொஞ்சம் பொறுத்திருந்தால் எடுப்பிக்கலாம். ஆனால் இவர்களுக்கு அந்த ஒடுக்கமே பிடிக்கவில்லை.

"ஐசே, உது சைக்கிள் சில்லு மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் வங்கிக்காரர். "அகலமாப் போடோணும். அப்பத்தான் றோட்டைப் பிடிக்கும்."

"வளைவில நூறு மைல் வேகத்தில திரும்பேக்கை அகலம் இல்லாட்டி இழுத்துக்கொண்டு போயிடும்" என்று மாஸ்டர் ஒரு வட்டம் கீறி அம்புக்குறியும் போட்டார்.

வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்குப் போவதற்குள் எத்தனை இடத்தில் நிறுத்தி இறங்கச் சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நூறு மைல் வேகத்தில் எந்த வளைவில் திரும்பப்போகிறார்கள் என்று நான் தேத்தண்ணீர் கொடுக்கும்போது கேட்டேன். "அது ஒரு கணக்குக்கு" என்றார் மாஸ்டர்.

சில்லின் குறுக்களவைக் குறைத்தால் வேகமானி கூட்டிக் காட்டும் என்று பொறியியலாளர் கண்டுபிடித்தார். ஐம்பதில் போனால் அறுபது என்று காட்டும். குழு இதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐம்பதின் ஆபத்தோடு அறுபதின் புளுகம் கிடைக்குமென்றால் யாருக்குக் கசக்கும்? எங்கள் ஆட்களின் வாழ்க்கையே அந்த வேகமானிதானே.

கடைசியில் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையொன்றில், யப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றிய பதினாலு அங்குலச் சில்லுகள் அகப்பட்டன. பளபளவென்று, அகலமாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தன. காரில் நான்கு ஆணி, சில்லில் நான்கு ஓட்டை, இடைவெளியும் சரி. அவ்வளவுதான், சாதகம் பொருந்திவிட்டது. எங்கள் சம்பந்தங்களும் இப்படித்தான். கிரகநிலையைப் பத்துத் தரம் பார்ப்பார்கள். மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒரு வீட்டுக்குள் இருக்கமுடியுமா என்று ஒருவரும் பார்க்கமாட்டார்கள். மட்கார்டுக்குள் அந்தச் சில்லு அடங்குமா என்ற கேள்வி குழுவில் எழவே இல்லை. நூற்றுத் தொண்ணூற்றைந்து அகலத்தில் டயர் வாங்கி மாட்டுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

இவை எல்லாவற்றையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஒரு ஞாயிறு அழைப்பு மணி அடித்தபோது, இவர் வாதத்தின் நடுவில், அட்டையைத் தேடாமல் எழும்பிப்போய்க் கதவைத் திறந்தார். எனக்குக் குசினிக்குள் நின்று அழுகை வந்தது. இந்த மூன்று மடையர்களுக்கும் அடுத்த ஞாயிறு வடை சுட்டுக் கொடுத்தேன்.

கராஜ்காரர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். யார் எதைச் சொன்னாலும் "அடிச்சிரலாம் சேர்" என்பார். எதிர்மாறாக இன்னொருவர் சொன்னாலும் அதே பதில்தான். சில்லு மாட்டும் நாளை இவர்கள் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்திருந்தார்கள். காரை ஜாக்கில் தூக்கி நான்கு சில்லும் மாட்டி முடித்ததும் மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடித்து இடமும் வலமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தார். வெண்ணெய்போலத் திரும்பியது. தூக்கி வைத்த காரில் சில்லு கீழே தொங்கிக்கொண்டு நிற்கும், இறக்கினால்தான் மட்கார்டுக்குள் ஏறும் என்பதைப் பௌதிகவியல் படித்தவர் யோசிக்கவில்லை, மதகு கட்டியவர் யோசிக்கவில்லை, கராஜ்காரரும் யோசிக்கவில்லை. ராகு காலம் நெருங்குகிறது என்று எல்லோரும் பறந்தார்கள்.

காரை இறக்கினார்கள். சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்தார்கள். முதல் ஓட்டம் நேராக முன்னுக்குத்தான் போகவேண்டும், தேசிக்காயை நசித்த சில்லை உடனே பின்னுக்கு எடுக்கவும் கூடாது, வளைக்கவும் கூடாது என்று வங்கிக்காரர் சாத்திரம் சொன்னார். கராஜின் ஒழுங்கையும் நேராகத் தெருவில்போய் ஏறியது. ஆக, தரையில் நின்ற காரின் ஸ்டியரிங்கை ஒருவரும் முழுதாகத் திருப்பிப் பார்க்கவில்லை. குழு வாடகை வான் ஒன்றில் ஏறி, எங்களை வரவேற்க வெள்ளவத்தைக்கு முன்னால் போய்விட்டது.

நான் இவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அடையாள அட்டை அவருடைய இடது கையில், ஸ்டியரிங்கோடு சேர்த்துப் பிடித்தபடி. திருப்பங்களில் எல்லாம் முன்பக்கம் 'கர்ர்' என்று ஒரு சத்தம்.

"என்னப்பா அது?"

"புது டயர். அப்பிடித்தான் கத்தும்."

மற்றச் சாவடிகளில் எல்லாம் நேரே போகவிட்டார்கள். வெள்ளவத்தைப் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் கையைக் காட்டினான். "பெத்தட்ட கன்ன!" ஓரத்துக்கு எடுக்கச் சொல்கிறான். இவர் இடப்பக்கம் ஒடித்துத் திருப்பினார். டயர் போய் மட்கார்டின் விளிம்பைக் கவ்வியது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி, ஓரத்துக்கும் போகாமல் நேருக்கும் வராமல், காலி வீதியில் குறுக்காக நின்றுவிட்டது. சோதனைச்சாவடியில், எடு என்ற பக்கம் எடுக்காமல், தமிழன் ஒருவனின் கார்.

துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின. யாரோ சத்தம் போட்டார்கள். இவர் அட்டையைப் பிடித்த கையையும் மற்றக் கையையும் உயர்த்திக்கொண்டு இறங்கினார். முகத்தில் இரத்தம் இல்லை. போச்சு என்று நினைத்தேன். என் மனிதர் இந்தத் தடவை போனால் திரும்பமாட்டார், உடம்பு திரும்பினாலும் ஆள் திரும்பமாட்டார்.

ஓர் இளம் அதிகாரி வந்தார். அட்டையை இவருடைய கையிலிருந்து வாங்கினார். படித்தார். என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு குந்தியிருந்து முன்சில்லைப் பார்த்தார். எழும்பி, தலையை ஆட்டி, "பளல வெடி" என்றார். அகலம் கூடிவிட்டதாம்.

"நே சேர்" என்றார் என் கணவர்.

எனக்கு உயிர் போய்வந்தது. 'இல்லை' என்கிறார்! ஆயுதம் வைத்திருப்பவரைப் பார்த்து, இரண்டு கையும் மேலே இருக்க, 'இல்லை' என்கிறார். அதோடு விட்டாரா? பழைய சிங்களம் மடை திறந்ததுபோல வந்தது. அகலம் பிழையில்லையாம், சில்லு வெளிப்பக்கமாகத் தள்ளி நிற்பதுதான் பிழையாம். உயர்த்தியிருந்த கைகள் தாமாக இறங்கி, காற்றில் சில்லு கீறிக் காட்டத் தொடங்கின.

அதிகாரி விடவில்லை. அவருடைய அண்ணனுக்குக் குருநாகலில் கராஜ் இருக்கிறதாம். இப்படித் தாழ்ந்த காருக்கு நூற்று அறுபத்தைந்துக்கு மேல் போடவே கூடாதாம். நூற்று எண்பத்தைந்து போடலாம் என்றார் இவர். மட்கார்டை வெட்டினால் சரி என்றான் ஒரு சிப்பாய். வெட்டினால் அழகு கெடும், ஸ்பிரிங்கை உயர்த்தவேண்டும் என்றான் இன்னொருவன். துப்பாக்கிகளைத் தோளில் மாட்டிவிட்டு டயர்க் குழு மறுபடியும் கூடிவிட்டது. இந்த நாட்டில் ஒன்றிலும் ஒத்துவராத இரண்டு பகுதியும் ஒரு விஷயத்தில் ஒன்று. டயரைப் பற்றி எல்லோருக்கும் அபிப்பிராயம் உண்டு, ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

பக்கத்தில் ஒரு பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கி, வரிசையில் விட்டிருந்தார்கள். இரண்டு பொடியன்களைப் புறம்பாக நிற்பாட்டியிருந்தார்கள். அந்த வரிசையில் நின்ற ஒருவரிடமும் டயரைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. அவர்களுக்குக் கார் இல்லை.

கடைசியில் சிப்பாய்கள் காரின் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்கள். சில்லு கீழே தொங்கி விடுபட்டது. "பாருங்கோ சேர், தூக்கினா வடிவாத் திரும்புது!" என்று இவர் சிங்களத்தில் வெற்றி முழக்கம் செய்தார். "அப்படியென்றால் ஆகாயத்தில் ஓட்டு" என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். இவரும்தான். பல மாதங்களாக நான் கேட்காத சிரிப்பு.

போகச் சொன்னார்கள். கார் கொஞ்சத் தூரம் போயிருக்கும், பின்னால் சப்பாத்துச் சத்தம். ஒரு சிப்பாய் கத்திக்கொண்டு ஓடிவந்தான். "நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ" என்று இவருடைய கையைப் பிடித்து உலுப்பினேன். நிறுத்தினார். சிப்பாய் மூச்சுவாங்க வந்து கையை நீட்டினான்.

"மாத்தயா, ஐடென்டிட்டி!"

அட்டையைத் திரும்ப வாங்காமலே வந்துவிட்டிருந்தார்.

அவருடைய முகம் வெளிறப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை வாங்கி, பார்க்காமலே என் மடியில் போட்டார். "உம்மடை பையில வையும். எனக்கு ஸ்டியரிங் பிடிக்க ரெண்டு கையும் வேணும்" என்றார். நான் காலி வீதியில், கூரையில்லாத காரில், உலகம் பார்க்க அழுதேன்.

எங்கள் ஒழுங்கை முகப்பில் குழு நின்றது. கார் ஒழுங்கைக்குள் திரும்ப மறுத்தது. நான் இறங்கினேன். பாரம் குறைந்ததும் திரும்பியது. குழு அன்றே கூடி ஆராய்ந்து, பிழை டயரில் இல்லை, என்னுடைய நிறையில்தான் என்று முடிவுக்கு வந்தது. அன்று வடை இல்லை.

மறுநாள் காலை நான் பாண் வாங்கச் சீலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். "நீர் இரும்" என்றார். மேசையில் கிடந்த அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கைகளை வீசிக்கொண்டு படியிறங்கினார். நான் பல்கனியில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் காருக்குப் பக்கத்தில் நின்று முன்சில்லைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இந்தத் தடவை பாணோடு திரும்பி வந்தார்.