யாரும் போகாத காடு

போன வாரம் நகரக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் புல்லுக்காக அழாத குறை. பத்திரிகைக்காரர்களுக்குப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் ரோட்டுக்குக் குறுக்குவழியாகப் பஸ் போக ஒரு புது ரோடு வேண்டும். வேண்டாமென்று யார் சொன்னது? சுற்றிச் சுற்றி நடந்து செருப்புத் தேய்ந்தவர்களில் நானும் ஒருவன். ரோடு போட இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, துரைமார் கிளப்பின் கோல்ப் மைதானத்து ஓரமாகப் போகிறது. இன்னொன்று, சர்க்கார் வேலி போட்டுப் பாதுகாக்கும் காட்டுக்கு நட்டநடுவே போகிறது. 'மரம் வெட்டக்கூடாது, சுள்ளி பொறுக்கக்கூடாது, உள்ளே கால் வைத்தால் அபராதம்' என்று மூன்று பாஷையில் போர்டு மாட்டிய காடு!

எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

"அந்த மைதானத்துப் புல் இப்படி வளர எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா?" என்றார் பெரிய மனிதர். தலைவர் உருகிப் போனார். ஐயா... புல்லுக்கே அத்தனை வருஷமென்றால், நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அந்த மரங்களுக்கு? கேட்க வாய் துறுதுறுத்தது. பெஞ்சுக்காரனுக்குப் பேச அனுமதி இல்லை.

அடுத்ததாக ஒரு குறிப்பு வாசித்தார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்தாயிற்றாம். அந்தக் காட்டை யாரும் உபயோகிப்பதில்லையாம். யாருக்கும் ஆட்சேபமும் இல்லையாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சாயங்காலமானால் ரயில்வே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேர் வேலிச் சந்து வழியாக நுழைந்து அங்கேதானே இருக்கிறார்கள்! வேறு எங்கே போவார்கள், தண்டவாளத்திலா உட்காருவார்கள்?

கூட்டம் முடிந்ததும் நேராக லயத்துக்கு, சின்னசாமி வீட்டுக்குப் போனேன். எஞ்சின் ஷெட்டில் கரி அள்ளுகிறவர். எத்தனையோ வருஷமாகக் கரித்தூளைச் சுவாசித்து நெஞ்சு பழுதாகிவிட்டது. வீடோ ஷெட்டுக்கு நேர் எதிரே. சோற்றுத் தட்டிலும் கரி விழும். சுத்தமான காற்று வேண்டும், மலைப் பக்கம் போய் இரு என்று டாக்டர் சொன்னாராம். மலைக்குப் போக இவர் என்ன கவர்னர் துரையா? அதனால் தினமும் மனைவி காமாட்சி இவர் கையைப் பிடித்து அந்தக் காட்டுக்குக் கூட்டிப்போவார். மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் இருமல் அடங்கும். அப்போதுதான் இவருக்கு ராத்திரித் தூக்கம் வரும்.

"விசாரிக்க வந்தாங்களாமே அண்ணே, என்ன கேட்டாங்க?" என்றேன்.

"தொரையும் கிராணியாரும் வந்தாங்க. அந்தக் காட்டுக்குள்ள போறதுண்டான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "சத்தியமா போனதே இல்லீங்கன்னு சொன்னேன்."

"அடக் கடவுளே! ஏன்?"

"போர்டு போட்டிருக்காங்களே தம்பி! போனேன்னா அபராதம். ஷெட்டுல தெரிஞ்சா வேலையும் போயிடும். ரோடு போடப் போறோம்னு ஒரு வார்த்தை சொன்னாங்களா? சுள்ளி பொறுக்கறவங்களப் புடிக்க வந்திருக்காங்கன்னு நெனச்சுட்டேன்..." மேலே பேச இருமல் விடவில்லை.

லயம் முழுக்க இதே பதில்தான். ஒரு அம்மாள் கற்பூரத்தை அணைத்தே சத்தியம் செய்தாராம். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குவதில் நம்மை மிஞ்ச ஆள் உண்டா?

மறுநாள் அந்த விசாரணையை எழுதிய குமாஸ்தாவை, கிராணியாரைப் பிடித்தேன். நம்ம ஆள்தான். ரோட்டைப் பற்றி ஏன் மூச்சு விடவில்லை என்று கேட்டேன்.

"கேக்கச் சொன்னதைக் கேட்டேன். சொல்லச் சொல்லலையே சார்?"

"அவங்க பயந்து பொய் சொல்லிட்டாங்க. தினமும் போறாங்க. திருத்தி எழுதுங்க."

சாவகாசமாகப் பேனாவைத் திறந்தார். "அப்படியா? சட்டத்தை மீறினவங்க பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

போகவில்லை என்றால் காடு யாருக்கும் வேண்டாதது. போனோம் என்றால் நாம் குற்றவாளிகள். எப்படி இருக்கிறது நியாயம்? துரைமார் பந்து அடித்தால் அது உபயோகம். சின்னசாமி மூச்சு விட்டால் அது அத்துமீறல்! இத்தனை வருஷம் நம்மிடமிருந்து அந்த மரங்களைக் காப்பாற்றினார்களே... பஸ்ஸுக்காகவா?

கமிட்டியில் நம் சமூகத்துக்கென்று ஒரு கனவானும் இருக்கிறார். மாலை போட்டு, மேளம் கொட்டி நாம்தான் அனுப்பி வைத்தோம். கூட்டம் முழுக்க அவர் வாயைத் திறந்தது பிஸ்கட்டுக்கு மட்டும்தான். வெட்கக்கேடு!

வரும் வாரம் கடைசிக் கூட்டம். ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாம். அதோடு முடிந்தது, பிறகு ஆட்சேபம் எடுபடாது. மறுபடி லயத்துக்குப் போய், வந்து உண்மையைச் சொல்லுங்கள் என்றதும் சின்னசாமி மிரண்டுபோனார். அடுப்படியிலிருந்த காமாட்சியக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இவரு பேச வேணாம் தம்பி, நான் வர்றேன். தெனமும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனவ நான்தானே? அபராதம் போடணும்னா போடட்டும். ஆனா எதுக்குப் போனேன்னும் சேத்து எழுதிக்கணும். நான் சுள்ளி பொறுக்கப் போகல. எம் புருஷன் மூச்சு விடணும்னு போனேன்."

இங்கே நான் எழுதியிருக்கும் சின்னசாமி, காமாட்சி இரண்டுமே பொய்ப் பெயர்கள். நிஜப் பெயரை அந்த அக்கா கூட்டத்தில் எழுந்து நின்று தானே சொல்லப் போகிறார். அடுத்ததாக என் பெயர்.

லயத்து ஜனங்களே... உங்கள் பெயர்?