பேய்க்கு எழுதிய வசனம்

பேய்ப்படம் எடுக்கக் காசு வேண்டாம், இருட்டு இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருட்டுக்கும் காசு வேண்டும். இரவில் எடுப்பதற்கு விளக்குகள் வாடகைக்குப் பிடிக்க எங்களுக்கு வக்கில்லை. உப்புவெளியில் பூட்டிக் கிடந்த ஒரு விடுதியில், பட்டப்பகலில், கமராவின் முன்னால் நீலக் கண்ணாடித்தாளை ஒட்டிவிட்டு அதை நடுச்சாமம் என்று சொல்லிக்கொண்டோம். கதவு தானாகத் திறக்க வேண்டுமே, அதற்குத் தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நூலைக் கட்டி இழுத்தோம்.

பேயின் முகம்தான் பெரிய தலையிடி. கதைப்படி அது பாதி முகம் எரிந்த பெண். கொழும்பில் மேக்கப் போடும் ஒருவர் கேட்ட தொகைக்கு இன்னொரு படமே எடுக்கலாம். அப்போதுதான் என் புத்தி அக்காவிடம் போனது.

பள்ளிக்கூட நாடகங்களில் எப்போதும் அக்காதான் அரசி. பதினாறு வயதில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து இடது கன்னமும் கழுத்தும் வெந்துபோயின. அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. கடைக்குப் போவதென்றாலும் சால்வையால் கன்னத்தை மூடிக்கொண்டுதான் போவாள்.

"அக்கா, என்ர படத்தில நடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"நானோ? என்ன வேஷம்?"

"பேய்."

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மெதுவாக, "வசனம் இருக்கோ?" என்றாள்.

"ஓம், இருக்கு" என்று வாய்கூசாமல் பொய் சொன்னேன். அன்றைக்கே உட்கார்ந்து, தன்னை எரித்தவர்களைப் பார்த்துப் பேய் பேசுவதாக இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒரு கிழமை முழுக்கக் குசினியில் அதே பேச்சுத்தான். தேங்காய் திருவும்போதும் பேய் பேசியது, கறி தாளிக்கும்போதும் பேசியது. அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது.

படம் எடுக்கிற அன்று விடுதிக்கு வந்ததும், "மேக்கப் ஆர் போடுறது?" என்று கேட்டாள்.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "மேக்கப் தேவையில்லை அக்கா" என்றேன்.

அவள் சால்வையைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது எனக்கு. ஆனாலும் வாயில் வந்தது, "ரெடியா?" என்பதுதான்.

இரண்டு பக்கத்தையும் ஒரு சொல் பிசகாமல் பேசினாள். கமரா பிடித்த நண்பன், அவள் முடித்த பிறகும் கமராவை இறக்காமல் நின்றான். நானோ தழும்பில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால், முழுக்கக் கடல்காற்றின் இரைச்சல். அதற்கு நடுவில் பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டு வேறு! அவள் பேசியதை எல்லாம் வெட்டி எறிந்தேன். வாய் மூடியபடி அவள் பார்க்கும் சில நொடிகளை மட்டும் வைத்துக்கொண்டேன். அதை அவளிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம், பங்குச் சுவாமியிடம் அனுமதி வாங்கி, எங்கள் கோயில் மண்டபத்தில் படத்தைப் போட்டோம். கதவு திறந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மீனவர், "தம்பி, உது சுறாவுக்குப் போடுற தங்கூசியடா!" என்று கத்தினார். மண்டபமே வெடித்துச் சிரித்தது. நீல இரவுக்குள் ஒரு காகம் பறந்தபோது இன்னும் சிரித்தார்கள்.

அக்காவின் முகம் வந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. ஆனால் ஒருவரும் பயப்படவில்லை. எனக்கு முன்னால் இருந்த ஒரு தாய், "ஐயோ, பாவம் பிள்ளை" என்றார். பேயைப் பார்த்து அப்படிச் சொன்ன பிறகு பேய்ப்படத்தில் என்ன மிச்சம்? நான் பக்கத்தில் இருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். முன்னால் சாய்ந்து, திரையைப் பார்த்தபடி, உதடு மட்டும் அசைய, தன் வசனத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தாள். திரையில் அடுத்த காட்சி வந்துவிட்டது. உதடு நின்றது.

வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியதும் கேட்டாள்.

"நான் கதைச்சது எங்க தம்பி?"

"சத்தம் பழுதாப் போச்சு அக்கா. நல்ல மைக் எடுக்கக் காசு இருக்கேல்லை."

"உன்ர போன் இருந்ததுதானே. கேட்டிருந்தா குசினியில நிண்டே திரும்பச் சொல்லியிருப்பன். எனக்கு எல்லாம் பாடம்."

அதற்கு ஒரு சதமும் செலவாகியிருக்காது. எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வேண்டிய முகம் கிடைத்துவிட்டதே.