ஜப்பான்காரர் கொடுத்த இரும்புத் தட்டு

உள்ளங்கைக்குள் அடங்கும் கறுத்த இரும்புத் தட்டு அது. நடுவில் நீளவாக்கில் ஒரு துளை, ஓரத்தில் பறக்கிற இரண்டு நாரைகள். கை வழுக்கி வெட்டுப்படாமல் இருக்க, வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே ஜப்பான்காரர்கள் மாட்டுகிற காப்பு. சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தின் போர்மேன் அண்ணாச்சி, வீட்டில் பழைய காலண்டர்கள் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைத்திருப்பார்.

புது ஆப்செட் மெஷினை மாட்டிக் கொடுக்க ஜப்பானிலிருந்து வந்த மெக்கானிக் கொடுத்தது. இவர் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை இவருக்குத் தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் விருதுநகருக்குப் பஸ் ஏறிப்போய் எண்ணெய்ப் புரோட்டா தின்றுவிட்டு வருவார்கள். ஊருக்குக் கிளம்பும்போது அவர் இந்தத் தட்டைக் கையில் வைத்து, நெஞ்சைத் தொட்டு, தாடியை உருவுவதுபோல் சைகை காட்டினாராம். "தாத்தா சொத்துலே" என்பார் அண்ணாச்சி.

நாங்கள் விடுவோமா? "அண்ணாச்சி, லாரிக்கு ஒரு வாஷர் குறையுது, அதைத் தாங்க" என்போம். "ஒங்க மூஞ்சிக்கு வாஷர் ஒண்ணுதாம்லே தெரியும்" என்று சிரிப்பார். ஆனால் விவரம் தெரிந்தவர்களிடம் காட்டி விசாரிக்க மட்டும் மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு ஒருநாள் சொன்னார்: "கடையில வாங்குன டூப்புன்னு எவனாச்சும் சொல்லிட்டா, நாங்க தின்ன புரோட்டாவும்ல டூப்பாப் போயிரும்."

ஒரு சீசனில், பழைய ஆயுதங்களின் படம் போட்டுக் காலண்டர் அடிக்க வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். ஜப்பான் வாள்களைச் சேகரிக்கிறவர். என் வாய் சும்மா இருக்குமா, சொல்லிவிட்டேன். அவரை அழைத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டு வாசலில் போய் நின்றபோது அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அச்சில் புள்ளி பார்க்கிற எங்கள் லென்ஸையே வந்தவர் என்னிடம் வாங்கிக்கொண்டார். வார்ப்பில் ஊற்றி எடுத்த போலி என்றால் குமிழித் தழும்பு இருக்கும், விளிம்பில் வார்ப்பு சேர்ந்த கோடு இருக்கும் என்று சொல்லிக்கொண்டே திருப்பினார். இரண்டும் இல்லை. துளைக்குள் பார்த்ததும் முகம் மாறியது. "உள்ள செவப்பா ஏதோ பூசியிருக்கே. துரு மாதிரி தெரியணும்னு போலி செய்யுறவங்கதான் இப்படிப் பூசுவாங்க."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

காப்பியோடு வந்த அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினிதான் பேசினார். "பூச்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் வச்ச குங்குமம். ஆயுத பூஜைக்கு அருவாமனைக்கே பொட்டு வைக்கோம், இதுக்கு வைக்காம விடுவாகளா?"

வந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். மெல்லிய துணியை வாங்கிப் பொறுமையாகத் துடைத்தார். குங்குமத்துக்கு அடியில் உளித்தடங்கள். "வாள்ல ஆடாம உட்காரணும்னு தட்டியிருக்காங்க. எந்தக் காலம்னு என்னால சொல்ல முடியல. ஆனா கையால அடிச்ச இரும்பு, வாள்ல ஏறின தட்டு. அசல்தாங்க."

அண்ணாச்சி நீளமாக ஒரு மூச்சு விட்டார். "நெஞ்சைத் தொட்டுல்ல குடுத்தாரு" என்றார், யாரையும் பார்க்காமல். எனக்கும் அப்போதுதான் காப்பி இறங்கியது.

அவர் ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. தட்டு இப்போது காலண்டர் மேல் இல்லை, கூடத்தில் ஒரு மரப்பலகையில் இருக்கிறது. இரும்பில் எதுவும் தடவ வேண்டாம் என்று அந்த வாள் சேகரிக்கிறவர் அன்றைக்கே சொல்லிவிட்டுப் போனதால், மதினி பலகைக்குத்தான் பொட்டு வைக்கிறார். போன ஆயுத பூஜைக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். துளையின் ஓரத்தில் லேசாகச் சிவப்பு.

"மதினி, மறுபடியுமா?" என்றேன்.

"கொஞ்சூண்டுதான்" என்றார் மதினி.

நாற்காலியில் சாய்ந்திருந்த அண்ணாச்சி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இருக்கட்டும்லே. இனி எவன் வேணும்னாலும் லென்ஸோட வரட்டும்."